முதலமைச்சரின் இரட்டைப் பக்கம்

கண்டியில் பிறந்தவர்கள், கல்யாணம் கட்டியவர்கள், கடை திறந்தவர்கள், தேர்தலில் தோற்றவர்கள், செத்துப்போனவர்கள் என்று எல்லாருடைய பெயரையும் அச்சில் ஏற்றியவள் நான். யட்டிநுவர வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் தாஸிம் நானாவின் அச்சகம் இருக்கிறது. அங்கே கணினிக்கு முன்னால் கிறீச்சிடும் ஒரு கதிரை, அதுதான் என் இடம். கல்யாண அட்டை, நோட்டீஸ், நினைவு மலர், எது வந்தாலும் எழுத்தை அடுக்கி, படத்தை வெட்டி, பூவை ஒட்டி அனுப்புவேன். ஆனால் இராஜகுமாரி என்ற என் பெயர் மட்டும் தேசிய அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அச்சேறியதில்லை. அதிலும் ஒரு எழுத்து தேய்ந்துவிட்டது. இது எனக்குப் பெரிய குறை. ஒப்புக்குச் சொல்லவில்லை, சில நாள் சோறு இறங்காத அளவுக்குக் குறை.

அதனால் ஒரு கதை எழுதினேன். கெலிஓயாவிலிருந்து தினமும் நான் வருகிற பஸ்ஸில் நடக்கிற கதை. பாலம்மா என்று ஒருத்தி, கணவனோடு சேர்ந்து வேலைக்குப் போய் வந்தவள். அவன் செத்த பிறகும் பக்கத்து ஆசனத்தில் கைப்பையை வைத்து இடம்பிடிக்கிறாள். யார் கேட்டாலும், அவர் அடுத்த ஹோல்ட்டில் ஏறுவார் என்கிறாள். அவளே சொல்வதுபோல எழுதி, ‘பக்கத்து ஸீட்’ என்று தலைப்பு வைத்தேன்.

தாஸிம் நானா மடவளைக்காரர், கணக்குப் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் வாசிக்காதவர். அவரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நல்லா ஈக்கிது புள்ள. இத எங்கயாச்சும் குடுங்க, பேர் வரட்டும்” என்றார். எங்கே கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த கிழமையில்தான் உயர்பீடம் படியேறி வந்தது.

மத்திய மலைநாட்டுத் தமிழ்ப் பண்பாட்டு உயர்பீடம் என்பது முழுப்பெயர். அதில் தலைவர் ஒருவர். உபதலைவர்கள் எத்தனை பேர் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். சாதாரண உறுப்பினர் என்று யாரும் இல்லை, அந்தப் பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. வேலை எல்லாம் செய்வது செயலாளர் தியாகராஜா சார். யாழ்ப்பாணத்தவர், கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் கோடு போடுகிற அடிமட்டம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அவருடைய மனைவி கமலாசனியின் நினைவு மலரையும் நான்தான் அடுக்கினேன். அப்போதும் அந்த அம்மாவின் படத்தை அடிமட்டம் வைத்து அளந்துதான் சரி என்றார். அளந்து முடித்தும் வெகுநேரம் அடிமட்டத்தை எடுக்கவில்லை.

“பிள்ளை, உயர்பீடம் ஒரு சஞ்சிகை போடப்போகுது. ‘உயர்பீடச் சுடர்’, வெள்ளி விழா மலர்” என்றார்.

“இதுக்கு முன்ன எத்தனை வந்திருக்குங்க சார்?”

“ஒண்டும் வரேல்லை. முதலாவது இதழ் எண்டு போட்டால் ஆர் மதிக்கப்போகினம்? அதால நேரா வெள்ளி விழாவில தொடங்கிறம்.”

நான் துணிந்து கதையை நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார், பிறகு அடிமட்டத்தை வைத்து நீளம் பார்த்தார்.

“ரெண்டு பக்கம் வரும். போடுவம். சஞ்சிகையெண்டால் உள்ளுக்குக் கதையும் ஒண்டு கிடக்கத்தான் வேணும், இல்லாட்டி ஆக்கள் ஏதும் நினைப்பினம்.”

அன்று பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கெலிஓயா வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கால் வலிக்கவே இல்லை.

முதலில் கூடியது அட்டைக் குழு. தலைவருக்குக் கண்டியில் இரும்புக்கடை, பல்லேகலவில் களஞ்சியம். அந்தக் களஞ்சியத்தில் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் பைப்புகளுக்கும் நடுவே கதிரைகள் போட்டிருந்தார்கள். எனக்கும் மடிக்கணினிக்கும் ஒரு மூலை. தலைவரின் பெயர் சேவைச்செம்மல், கலைக்காவலர், கொடைக்கொண்டல் எஸ்.பி. வடமலை ஜே.பி. இதில் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அட்டைங்கிறது கடை போர்டு மாதிரிம்மா. உள்ள சரக்கு இருக்கோ இல்லையோ, போர்டுல லைட்டு எரியணும்” என்று தொடங்கினார் தலைவர். “நான் விளம்பரத்துக்கு ஆசைப்படுற ஆளு இல்ல. என் படத்த அட்டையில போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா எல்லாரும் வற்புறுத்துறாங்க, நான் என்ன செய்ய?”

அதுவரை யாரும் வாயைத் திறந்திருக்கவில்லை. தலைவர் காத்திருந்தார். வெளியே லொறி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் உபதலைவர் எழுந்து வற்புறுத்தினார். இன்னொருவர் அதை வழிமொழிந்தார். தலைவர் மிகுந்த மனவருத்தத்தோடு சம்மதித்து, ஏற்கனவே ஸ்டூடியோவில் எடுத்து, சட்டம்போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த படத்தை மேசைக்குக் கீழிருந்து எடுத்தார்.

செயலாளர் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். “பாருங்கோ. பெரிய புத்தகங்களில அட்டையில இருக்கிறவரின்ர தலை, சஞ்சிகையின்ர பேரைக் கொஞ்சம் மறைக்கும். பேரைவிட ஆள் பெரிசெண்டு அர்த்தம்.”

தலைவருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அவர் தலையை ‘உயர்பீட’ என்பதற்கு முன்னால் வைத்தேன். உடனே உபதலைவர்கள் முகம் சுருங்கியது. தலைவருடைய தலை பெயருக்கு முன்னால் என்றால், தங்களுடைய தலைகள் பெயருக்குக் கீழேயா? சஞ்சிகையின் பெயரைத் தலையில் சுமப்பதற்கா உபதலைவர் ஆனோம் என்று ஒருவர் கேட்டார். அது நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு தலையாக மேலே ஏற்றினேன். கடைசியில் சஞ்சிகையின் பெயரில் ‘ர்’ மட்டும், அதுவும் ஓர் உபதலைவர் காதுக்கும் இன்னொருவர் காதுக்கும் இடையில், எட்டிப் பார்த்தது.

“பேரு தெரியலைங்களே சார். சனங்க என்ன புத்தகம்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“தெரிஞ்சவைக்குத் தெரியும், பிள்ளை. தெரியாதவைக்கு இந்தச் சஞ்சிகை இல்லை” என்றார் செயலாளர்.

அடுத்து, மலைநாட்டுச் சஞ்சிகையின் அட்டையில் கொழுந்து பறிக்கும் பெண் கட்டாயம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. தலைவரின் முழங்கைக்கருகில் ஒரு பெண்ணை வைத்தேன். அவள் போதியளவு சிரிக்கவில்லை என்றார் ஒருவர். சிரிக்கிற பெண்ணை வைத்தேன். அவள் தலைவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கிறது, வீட்டில் பிரச்சினை வரும் என்றார் தலைவர். திருப்பி வைத்தேன். உபதலைவர்களுக்கு முதுகைக் காட்டுகிறாள் என்றார்கள். சிறிதாக்கினேன், ஓரமாக்கினேன், கடைசியில் இடமே இல்லாமல் போய் அவளுடைய கூடை மட்டும் மிஞ்சியது. “கூடை போதும். கூடையில எல்லாம் வந்திடும்” என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

சஞ்சிகை இலவசம். ஆனாலும் பெரிய சஞ்சிகைகளில் இருப்பதுபோல் கோடு கோடாக விலைப்பட்டை வேண்டும் என்றார்கள். எங்கே போவது? நான் மத்தியானம் சாப்பிட்ட கிறீம் கிறேக்கர் பக்கெட்டிலிருந்து ஒன்றை வெட்டி ஒட்டினேன். மிக நேர்த்தியாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். பின்னர் அட்டையின் இடதுபக்கம் ‘உள்ளே அதிர்ச்சித் தகவல்!’ என்று மஞ்சள் எழுத்தில் போடச் சொன்னார்கள்.

“உள்ள என்ன அதிர்ச்சிங்க சார்?”

“அதை அட்டைக் குழு தீர்மானிக்கிறேல்லை. அது உள்ளடக்கம்” என்றார் செயலாளர்.

அட்டைக்கே இந்தக் கூத்து என்றால், பொருளடக்கப் பக்கத்தை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. பொருளடக்கம் என்பது இந்தப் பக்கத்தில் இன்னது இருக்கிறது என்று வாசகருக்கு வழிகாட்டத்தான் என்று நான் அப்பாவியாக நம்பியிருந்தேன். அது அப்படியல்ல. பொருளடக்கம் என்பது யார் யாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் காட்டுகிற பக்கம். கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரைகளைப் போன்றது. மலர் என்றால் வாழ்த்துச் செய்திகள் இருக்கும், வாழ்த்துச் செய்திகள் என்றால் படங்கள் இருக்கும். அத்தனை பேருக்கும் முதலாம் பக்கம் வேண்டும்.

“ரெண்டாம் பக்கம்னா என்னம்மா அர்த்தம்?” என்று ஓர் உபதலைவர் என்னிடமே நேரில் வந்து கேட்டார். “ஒருத்தருக்கு அப்புறம்னு அர்த்தம். நான் யாருக்கு அப்புறம்?”

பொருளடக்க உபகுழு மூன்று கூட்டம் கூடி இதற்கும் ஒரு வழி கண்டது. எல்லாருக்கும் முதலாம் பக்கமே கொடுக்கப்பட்டது. பக்கம் 1அ, பக்கம் 1ஆ, பக்கம் 1இ என்று அடுக்கினேன். உயிரெழுத்து முடிந்துபோய் மெய்யெழுத்துக்குப் போனேன். இரண்டாம் பக்கம் என்ற அவமானத்தைத் தாங்கிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சியிருந்தது, என் கதை. எனக்குக் கவலையில்லை. பொருளடக்கத்தின் அடியில், புள்ளி புள்ளியாகப் போகும் கோட்டின் இடதுபுறம் ‘பக்கத்து ஸீட் – சிறுகதை – இராஜகுமாரி’ என்று இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், சிறிதாக்கிப் பார்ப்பேன். தாஸிம் நானா பிளேன்டீ வைத்துவிட்டு, “போதும் புள்ள, கண்ணு போயிடும்” என்பார்.

பிறகுதான் செய்திகள் மழைபோல் கொட்டத் தொடங்கின. ஒருவர் செய்தி கொடுத்தால் அவருடைய எதிராளியும் கொடுத்தாக வேண்டும். நான்கு மதத்தவர்களும் கொடுக்கவேண்டும், அதற்குள் இருக்கிற பிரிவுகளும் கொடுக்கவேண்டும். ஓர் அமைச்சர் செய்தி தந்த மறுநாள் அமைச்சு கைமாறியது. பழையவரின் செய்தியை எடுத்தால் அவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அதுவும் நின்றது, புதியவருடையதும் சேர்ந்தது. தாள் அளவு முதலே முடிவாகிவிட்டதால் பக்கம் கூட்ட முடியாது. எதையாவது குறைக்கவேண்டும். குறைப்பதற்கு, குறைத்தால் கோபித்துக்கொள்ளாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

முதலில் கதையை ஒன்றரைப் பக்கமாக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பக்கம். பிறகு முடிவை மட்டும் வைத்துத் தொடக்கத்தை எடுக்கலாமா என்று கேட்டார்கள். ஒரு வியாழக்கிழமை செயலாளர் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பிள்ளை, கதைக்கு இடமில்லை. ஆனால் பொருளடக்கத்தில இருந்து எடுக்கேல்லை. அது கிடக்கட்டும்.”

“கதை இல்லாம பேரு மட்டுமாங்க சார்? பக்கம் ரெண்டுன்னு போட்டிருக்கு. அந்தப் பக்கமே இல்லையே.”

“ஆர் திருப்பிப் பாக்கப் போகினம்? கனபேர் பொருளடக்கத்தோட நிப்பாட்டி விடுவினம். தங்கட பேரைக் கண்டவுடன மூடி வைப்பினம். உங்கட பேரும் இருக்குத்தானே?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடிமட்டத்தைப் பிடுங்கி உடைக்கவேண்டும் போலிருந்தது. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வரவில்லை, அதனால் வெளியே எல்லாருக்கும் கேட்டது.

திரும்பி வந்தபோது செயலாளர் அங்கேயே உட்கார்ந்து அடுத்த பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். முதலமைச்சருக்கான பக்கம். மாகாண சபை கலைந்து பல வருடமாகிறது. தேர்தல் வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை. முதலமைச்சர் என்று ஒருவர் கிடையாது. ஆனாலும் மாகாணத்தில் அவர்தான் பெரியவர் என்பதால் அவருக்கு மட்டும் இரட்டைப் பக்கம். பூவேலை செய்த சட்டம், நீள்வட்டத்தில் படத்துக்கு இடம், மேலே ‘மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் வாழ்த்துச் செய்தி’, கீழே வலதுபக்கம் ‘முதலமைச்சர்’. நடுவில் வெறும் வெள்ளை.

“ஆளே இல்லையேங்க சார். அந்த இடத்த...” என்று தொடங்கினேன்.

“ஆள் இல்லாட்டிலும் கதிரை இருக்கு, பிள்ளை” என்றார் அவர் பொறுமையாக. “நான் கச்சேரியில இருந்த காலம் முழுக்கக் கதிரைக்குத்தான் மரியாதை செய்தனான். ஆக்கள் வருவினம், போவினம். சில கதிரையில ஆள் இருந்தும் இல்லாத மாதிரித்தான். வெறுமையாக் கிடக்கட்டும்.”

அடிமட்டம் வைத்து அளந்து, தலைப்பும் அடியில் இருக்கும் பதவியும் அணுவளவும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கம். என் கதையும் இரண்டு பக்கம். எழுத்தைச் சிறிதாக்கக்கூடத் தேவையில்லை. தாஸிம் நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், நான் நினைத்ததை அவரும் நினைத்தார்.

“கண்டுபுடிச்சிட்டா நானா?”

“எனத்துக்குப் பயப்படுற? அவங்க அளக்கிற ஆக்கள். வாசிக்கிற ஆக்கள் இல்ல.”

ஒட்டினேன். அளந்து செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. கடைசி வரிக்குக் கீழே என் பெயரைப் போடாமல் விட மனம் வரவில்லை. இவ்வளவு பாடும் அதற்காகத்தானே. வலதுபக்கம் ‘இராஜகுமாரி’ என்று போட்டேன். அதற்கு நேர் கீழே ‘முதலமைச்சர்’ என்ற சொல் ஏற்கனவே இருந்தது. அதை அசைக்க எனக்கு அனுமதியில்லை.

அச்சுக்குப் போகுமுன் செயலாளர் கடைசியாகப் பார்வையிட வந்தார். ஒவ்வொரு படமாக அளந்தார். ஓர் உபதலைவரின் படம் தலைவருடையதைவிட நூலளவு அகலமாக இருந்ததைக் கண்டுபிடித்துக் குறைத்தார். இரட்டைப் பக்கத்துக்கு வந்ததும் நின்றார்.

“முதலமைச்சரின்ர செய்தி வந்திட்டுதோ?”

“வந்துட்டுதுங்க சார்.”

“கொஞ்சம் நீளம்தான். பெரிய ஆக்கள் நீளமாத்தான் எழுதுவினம்.” சட்டத்தின் நான்கு மூலையையும் அளந்தார்.

“வாசிச்சுப் பாக்கலைங்களா?”

“மேலிடத்துச் செய்தியைத் திருத்திற வழமை இல்லை, பிள்ளை. திருத்த ஏலாததை வாசிச்சு என்ன செய்யிறது?”

வெளியீட்டு விழா கட்டுக்கலைப் பக்கம் ஒரு மண்டபத்தில். அன்று மழை. குடைகளெல்லாம் வாசலில் சொட்டிக்கொண்டு கிடந்தன. குத்துவிளக்கில் எத்தனை திரி, அதில் முதல் திரி யாருக்கு என்பதிலேயே பாதி நேரம் போனது. ஓர் உபதலைவர் தன் திரி தலைவருக்கு முதுகுப்பக்கம் என்று கோபித்துக்கொண்டு, றோல்ஸும் பிளேன்டீயும் முடியும்வரை மட்டும் இருந்துவிட்டுப் போனார். நானும் தாஸிம் நானாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மண்டபத்தில் எல்லாரும் சஞ்சிகையைத் திறந்தார்கள், பொருளடக்கத்தில் விரலை வைத்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள், கண்டார்கள், மூடினார்கள். செயலாளர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

அதன் பிறகு தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த மலருக்கு நம்ம மாண்புமிகு முதலமைச்சரே ரெட்டப் பக்கத்துல செய்தி குடுத்திருக்காங்க. இது சாதாரண விஷயமா? செயலாளர் ஐயா அதை சபைக்கு வாசிச்சுக் காட்டுவாங்க.”

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். தாஸிம் நானா என் கைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, அரச அறிவித்தல் வாசிக்கும் குரலில் தொடங்கினார். “மாண்புமிகு முதலமைச்சர் அவர்களின் வாழ்த்துச் செய்தி. எம் புருஷன் பஸ்ல எப்பவும் ஜன்னல் பக்கம் ஒக்காந்ததில்ல.”

நிறுத்தினார். மண்டபமும் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார், அடியில் பதவியைப் பார்த்தார். எல்லாம் அவர் அளந்து வைத்த இடத்திலேயே இருந்தன. மேலிடத்துச் செய்தியை நடுவில் நிறுத்துவது வழமையில் இல்லை. ஆகவே தொடர்ந்தார்.

“காத்து பட்டா ஒனக்கு நல்லதுன்னு என்னைய அங்க தள்ளிவிட்டுட்டு, அவரு ஓரத்துல பாதி ஒடம்ப வெளிய வச்சிக்கிட்டு வருவாரு...”

முதல் வரிசையில் கிசுகிசுப்பு எழுந்தது. “முதலமைச்சர் ஒரு அம்மாவா?” “எப்ப போட்டாங்க?” “பேப்பர்ல வந்துச்சேப்பா, பாக்கலையா?” “வீட்டுக்காரரு பஸ்லயா போவாரு? என்ன எளிமை பாருங்க!” தெரியாது என்று சொல்ல அந்த வரிசையில் ஒருவருக்கும் துணிவில்லை. தலைவர் தனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கிசுகிசுப்பு அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என் பாலம்மா அந்த மண்டபத்தில், யாழ்ப்பாணத்துக் கச்சேரிக் குரலில், பேராதனைச் சந்தியில் கைப்பையை எடுக்க மறுத்து, இடம் கேட்டு நின்ற கூட்டத்தோடு சண்டை பிடித்தாள். பின்வரிசையில் ஒரு பெண் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கடைசிப் பகுதிக்கு வந்தபோது செயலாளரின் குரல் மாறிவிட்டது. அது அறிவித்தல் வாசிக்கும் குரலாக இல்லை.

“இன்னைக்கி கண்டக்டர் தம்பி ரெண்டு டிக்கட் கிழிச்சி என் கையில வச்சாரு. அவருக்கும் சேத்துதான் அக்கான்னாரு. பைய எடுத்து மடியில வச்சிக்கிட்டேன். பக்கத்துல எடம் அப்படியே இருந்துச்சு. யாரும் ஒக்காரல.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையை ஒருமுறை பார்த்தார். எனக்குக் கமலாசனி அம்மாவின் நினைவு மலர் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது, இரண்டையும் மறைக்கத் தெரியவில்லை.

“இப்படிக்கு, இராஜகுமாரி, முதலமைச்சர்” என்று வாசித்து முடித்தார்.

மண்டபம் கைதட்டியது. அப்படி ஒரு கைதட்டலை அந்த மண்டபம் கேட்டிருக்காது. தாஸிம் நானா எழுந்து நின்றே தட்டினார். நான் எழுந்து, இது நான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

“முதலமைச்சரம்மா நமக்குப் புதுசு இல்ல. நம்ம வீட்டுக்கு வந்து போறவங்க. என் பேச்ச எடுத்தாலே, அண்ணன் நல்லா இருக்காரான்னுதான் கேப்பாங்க.” ஓர் உபதலைவர், அந்த அம்மா தன் மனைவி வழியில் சொந்தம் என்றார். இன்னொருவர் அந்தக் கண்டக்டர் தம்பியே தன் ஊர்க்காரன்தான் என்றார். மாண்புமிகு முதலமைச்சருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் கைகள் உயர்த்தி நிறைவேற்றப்பட்டது. தாஸிம் நானா என்னைப் பார்த்தார். நானும் கையை உயர்த்தினேன்.

அடுத்த கிழமை செயலாளர் படியேறி வந்தார். உயர்பீடம் உடனே அடுத்த மலர் போடுகிறது, பொன்விழா மலர். அட்டையில் தலைவரை எடுத்துவிட்டு முதலமைச்சரின் படத்தை நடுவில் போடுவதாகத் தீர்மானம். தலைவரே பெருந்தன்மையோடு முன்மொழிந்தாராம், ஏதோ காணி விஷயமாக முதலமைச்சரைச் சந்திக்கவேண்டியிருக்கிறதாம்.

“படம் எங்கயும் கிடைக்கேல்லை, பிள்ளை. நீங்கள் கணினியில தேடி எடுத்துப் போடுங்கோ.”

நான் தேடினேன். கைப்பையைத் திறந்து, போன மாதம் ஸ்டூடியோவில் எடுத்த என் பாஸ்போட் படத்தை எடுத்து ஸ்கேன் பண்ணி, பெரிதாக்கி, நீள்வட்டத்துக்குள் வைத்து, தலைக்குப் பின்னால் கதிர்கள் போட்டு, சஞ்சிகையின் பெயரை அந்தத் தலையால் கொஞ்சம் மறைத்தேன். செயலாளர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் முகம் அவருக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. திரையில் இருந்த முகத்தின்மேல் அவர் அடிமட்டத்தை வைத்தார்.

“பாத்தீங்களே, முகத்திலயே ஒரு அதிகாரம் தெரியுது. இப்பிடி முகமெல்லாம் எல்லாருக்கும் வாறேல்லை.” அடிமட்டத்தை எடுக்கவில்லை. “நல்ல மனுசி. அண்டைக்கு வாசிக்கேக்க எனக்கு என்ர மனுசியின்ர ஞாபகம் வந்திட்டுது. மனசில இருக்கிறதை அப்பிடியே எழுதியிருக்கிறா. உங்களுக்கும் இதே பேர்தான், என்ன?”

“ஆமாங்க சார். இதே பேருதான்.”

“ஓம். பேர் ஒண்டாய் இருந்தாப்போல...” என்று எதையோ சொல்ல வந்து, என் மனம் நோகும் என்று நினைத்தோ என்னவோ விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான்.

“சார், இந்த இதழ்ல என் கதை?”

“பொருளடக்கத்தில போட்டு விடுங்கோ.” எழுந்து அடிமட்டத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். படியில் இரண்டு எட்டு இறங்கியவர், நான் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும், திரும்பி நின்று ஆதரவாகச் சொன்னார். “மனம் தளராதீங்கோ, பிள்ளை. நீங்களும் முதலமைச்சரம்மாவைப்போல எழுதிப் பழகுங்கோ. பிறகு பாப்பம்.”

பழகுகிறேன் சார் என்று சொல்லிவிட்டு, பொன்விழா மலரில் முதலமைச்சருக்கான இரட்டைப் பக்கத்தைத் திறந்தேன்.